தாழ்ப்பாள்

எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவில்
தண்ணீர் பாட்டில்கள்
காலையில் வந்தபடியே கழுத்துவரை நிறைந்து
வீடு திரும்புகின்றன.
கணக்கு டீச்சர் நான்,
இதை எண்ணிப் பார்க்க எனக்கு ஜூலை ஆனது.

சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பினால்
ஜன்னல்களைச் சாத்துவோம்.
லோகேஸ்வரி மயங்கி விழுந்ததற்கும்
அந்த நெடிதான் காரணமென்று இருந்தேன்.
மூன்றாம் முறை விழுந்தபோது
பெஞ்சில் கிடத்தி அட்டையால் விசிறினேன்.
கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:
"குடிச்சா போகணும் மிஸ்.
அந்தக் கதவுக்குத் தாழ்ப்பா இல்ல."

கடிதம் எழுதுங்கள் என்றார் தலைமையாசிரியர்.
எழுதினேன், இரண்டு பிரதி.
சாயங்காலம் முதுநகர் இரும்புக்கடையில்
நூற்றுப்பத்து ரூபாய்க்கு ஒரு தாழ்ப்பாள்,
ஆறு திருகாணி.
ஐந்துதான் ஏறியது;
உப்புக்காற்றில் சட்டம் இற்றுப்போயிருந்தது.
ஆறாவது
என் சாக்பீஸ் டப்பாவில் கிடக்கிறது.

இன்று பின்னங்களை வகுத்துக்கொண்டிருக்கையில்
நாலு தடவை கை உயர்ந்தது.
"மிஸ், வெளியே?"
போ.
நீயும் போ.
விடை வருமுன்னே மணி அடித்துவிட்டது.
பாதிக் கணக்கைக் கரும்பலகையிலேயே விட்டுத்
திரும்புகிறேன்,
பெஞ்சுக்கடியிலிருந்து
ஒரு காலி பாட்டில் உருண்டு வந்து
காலில் முட்டுகிறது.