பழுப்பு முத்திரை

முனீஸ்வரன் கோயில் தெருவில்
பீங்கான் ஜாடிகளுக்கும் பெல்ஜியம் கண்ணாடிக்கும் நடுவே
என் மேசை. ஒரு லென்ஸ், ஒரு விளக்கு.
கோயம்புத்தூரில் பல் வைத்தியம் பார்க்கும் உமையாள்
பேரேட்டைப் பிரித்து வைத்தார்.
உள்ளே இருபது டாலர்,
குண்டூசி குத்தியபடி.

"நடுவில் இருப்பது யார்?"
முகத்துக்கு விலை கிடையாது, டாக்டர்.
லட்சம் தாளில் அதே முகம்.
இடப்பக்கம் பாருங்கள், கறுப்பு மசியில் ஊர்:
நெப்ராஸ்காவில் பெல்டன் ஃபோர்டு.
அங்கிருந்த வங்கியின் பெயர், அதன் பட்டய எண்.
"எங்கள் பெரி.சா.ராம. விலாசம் மாதிரியா?"
அதேதான். விலாசத்துக்குத்தான் விலை.

முத்திரை பழுப்பு. எண்ணும் பழுப்பு.
சி என்று தொடங்கி நானூற்றுப் பன்னிரண்டு.
ஒரு தாளில் ஆறு நோட்டு அடிப்பார்கள்,
ஏ முதல் எஃப் வரை, எண் மட்டும் ஒன்றே.
இது மூன்றாம் பிள்ளை.
மற்ற ஐந்தும் லாடக்காரனிடமும் பால்காரனிடமும்
கைமாறிக் கைமாறிக் கந்தலாகியிருக்கும்.

பட்டணத்து வங்கி என்றால்
நூறு டாலர் சொல்லி எழுந்திருப்பேன்.
இது சோளக்காட்டு ஊர்.
கணக்கில் வந்தவை நாலே தாள்.
இது ஐந்தாவது;
இது வந்த சேதி தெரிந்தால்
அந்த நாலும் கொஞ்சம் இறங்கும்.
ஊசித் துளைக்கும் துருவுக்கும் கால்வாசி கழிவு.
ஊசி இல்லாவிட்டால் தாளே இருந்திருக்காது,
அதற்கு விலைப்பட்டியலில் வரி இல்லை.

உமையாளின் போனில் பதினோரு பங்காளிகள்.
சிங்கப்பூர் கேட்டது: பதினொன்றால் வகுத்தால் எவ்வளவு?
ஈப்போ சொன்னது: கள்ள நோட்டாக இருக்கும்.
யாரோ பித்தளை அண்டாவுக்கு விலை கேட்டார்கள்.

இருபது டாலர், இன்றைய ரேட்டில் இவ்வளவு,
பேரேட்டோடு சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்:
என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
லென்ஸ் நகர்ந்தது. ஊசிக்குப் பக்கத்தில்
சைகோன் கடை அடுத்தாள் எழுத்து:
பவ வருஷம், ஐப்பசி.
கப்பல்காரன் கொடுத்தது.
செல்லுமா? விசாரிக்கவும்.

அந்த ஐப்பசிக்கு ஒரு வருஷம் முன்பே
பெல்டன் ஃபோர்டில் பூட்டுப் போட்டாயிற்று.
சந்தேகம் சரிதான். ஆனால் வங்கி போனாலும்
தாளுக்கு அவர்கள் சர்க்கார் ஜவாப்தாரி;
விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும்.
மேலாள் விசாரிக்கவில்லை. யாருமே இல்லை.

ஏலத்தில் எண்ணூறு வரும், என் கமிஷன் தனி என்றேன்.
போனில் பதினோரு பேரும் சற்று நேரம்
மூச்சுவிட மறந்தார்கள்.
பிறகு மறுபடி அண்டா.

உமையாள் என் பேனாவை எடுத்து
அந்த வரிக்குக் கீழே
மருந்துச் சீட்டுக் கிறுக்கலில் எழுதினார்: செல்லும்.

பேரேட்டில் புது மை பட்டால்
பேரேட்டுக்கு விலை பாதி.
தொழில்படி நான் தடுத்திருக்க வேண்டும்.
மை காயட்டும் என்று
மின்விசிறியைத் திருப்பிவைத்தேன்.