எழுத்துக்கு நாலு ரூபாய்

"பட்டாளம் இறங்கு" என்பார் கண்டக்டர்.
இறங்குகிறவர் யாரும் சிப்பாய் இல்லை.
மீன் கூடை, பள்ளிக்கூடப் பை,
காலில் கட்டுப்போட்ட ஒருவர்.
நான் இறங்கியது தூரிகையோடு.

பேரக்ஸ் மதிலுக்கு உள்பக்கம்
இடுப்பளவு மேடை, அதில் பதித்த வெள்ளைக்கல்.
வெள்ளிக்கிழமை பெரிய ஆபீசர் மாலை வைக்கிறார்.
அதற்குள் எழுத்தெல்லாம் கறுப்பாகத் தெரிய வேண்டும்.
எழுத்துக்கு நாலு ரூபாய், எண்ணுக்கும் அதே,
புள்ளிக்குக் கிடையாது என்று
முதலிலேயே பேசிவிட்டார் சுபேதார் லோகிதாசன்.

இந்தக் கட்டடத்தில்
முதலில் வெள்ளைக்காரத் துருப்பு,
அப்புறம் அவர்கள் குதிரை,
அதற்கும் அப்புறம்தான் நம்மவர்.
ஒரு பஞ்சத்தில் அரிசி மூட்டை,
ஒரு காய்ச்சலில் வரிசையாகக் கட்டில்.
இப்போது பாதி ஆபீஸ், பாதி புறா.
ரோடு அகலமானபோது
குதிரைக்குத் தண்ணீர் காட்டிய தொட்டி
மதிலுக்கு வெளியே நின்றுபோனது.
அதில் ஆட்டோ கழுவுகிறார்கள்.

கல்லில் பேர் ஒன்றும் இல்லை.
இங்கிலீஷ் எனக்கு வடிவம்தான்.
டீ கொண்டுவந்த ஜான்பாஷா எழுத்துக்கூட்டினான்:
இந்த லைனிலிருந்து பெரிய யுத்தத்துக்குப் போனவர் 214.
அதில் உயிர் விட்டவர்
முப்பத்து...
அங்கே நின்றுவிட்டான்.

கடைசி எண்ணுக்குத் தலை பெயர்ந்திருந்தது.
கீழே ஒரு வட்டம், முழுசாக.
மேலே கிரிக்கெட் பந்தோ கடப்பாரையோ பட்ட பள்ளம்.
ஆறாக இருக்கலாம்.
எட்டாக இருக்கலாம்.

சுபேதார் ரிஜிஸ்தரைப் பார்க்கச் சொன்னார்.
ரிஜிஸ்தர் வெள்ளத்தில் போயிற்று என்றார் கிளார்க்.
எந்த வெள்ளம் என்று சொல்லவில்லை.
"பாத்துப் போடுப்பா, யாரு எண்ணப் போறா."

ஆறானாலும் எட்டானாலும் அதே நாலு ரூபாய்.
ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன்.

எட்டு போட்டால்
கப்பலில் திரும்பி வந்து
கொருக்குப்பேட்டையில் பெண்ணெடுத்து
பல்லெல்லாம் விழுந்து செத்த இரண்டு பேரை
நான் சுட்டவன் ஆவேன்.
ஆறு போட்டால்
எங்கோ மணலில்
கோவேறு கழுதைக்குத் தண்ணீர் தூக்கிப்போய் விழுந்த
இரண்டு பேர்
இன்னும் வந்துகொண்டே இருப்பார்கள்,
ஹார்பர் தாண்டி, மூலக்கொத்தளம் தாண்டி,
யாரும் அழுது முடிக்காத இரண்டு பேர்.

வியாசர்பாடிப் பக்கம் ரயில் ஒன்று போயிற்று.
டப்பாவில் பெயிண்ட் ஏடு கட்டியது.

இருப்பதை மட்டும் நிரப்பினேன்.
கீழ் வட்டத்தைக் கறுப்பாக்கி
உடைந்த ஓரம் வரை தூரிகையைக் கொண்டுபோய்
எடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பியூகிள் ஊதினார்கள்.
புறாக்கள் எழுந்து திரும்ப உட்கார்ந்தன.
தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கம்பி வழியாகப் பார்த்தேன்.
ஆபீசர் கண்ணாடி போட்டுக் குனிந்தார்,
நிமிர்ந்து மைக்கில் சொன்னார்:
"முப்பது வீரர்கள்."

அந்த வட்டத்தை அவர் பூஜ்ஜியம் என்று படித்திருந்தார்.
எல்லோரும் கை தட்டினார்கள்.

பில்லில் அந்த எண்ணுக்கு மட்டும்
இரண்டு ரூபாய் போட்டேன்.