பத்தாம் நம்பர் ஸ்பேனர்

ஒரே ஸ்பேனர் போதும் இனிமேல் என்றேன்.
தில்ஷாத் சிரிக்கவில்லை. கையை விரித்துக் காட்டினாள்.
மோதிரம் இருந்த விரலில்
மோதிரத்தின் அளவிலேயே ஒரு தழும்பு.

போன ஆடியில், பதினோராவது செல்லை இறுக்கும்போது
பிளஸ்ஸையும் மைனஸையும் சேர்த்துத் தொட்டுவிட்டது அது.
சத்தம்கூட வரவில்லை என்கிறாள்.
நீலமாய் ஒரு வெட்டு. அப்புறம்
தோல் கருகிய வாடை, ஸ்டான்லி ஆஸ்பத்திரி,
மறுநாள் சுவரில் முதலாளியின் நோட்டீஸ்:
நகை அணியக் கூடாது.

செல்லின் தலையில் இரண்டு கொம்பு
அம்மணமாய் நிமிர்ந்து நிற்கிறது.
தப்பு விரலுடையதா?

மூலக்கடை மேம்பாலத்தை ஒட்டிய பின்சந்து,
தகர ஷெட், ஆறு மேசை.
ஆட்டோவுக்கு நீளப் பெட்டி, சீட்டுக்கு அடியில் நுழைய வேண்டும்.
இன்னாசியின் மீன்வண்டிக்குச் சதுரம்.
தண்ணீர் கேன் போடுகிறவருக்கு இரண்டாய்ப் பிளந்து
இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி.
செல் என்னவோ ஒன்றுதான்.
அதைக் கோக்கிற செம்புத் தகடு மட்டும்
பதினேழு வகை, பதினேழு டப்பா.
எது வேண்டுமோ அந்த டப்பா காலி.

வரைந்தேன். கிழித்தேன்.
கொருக்குப்பேட்டை கேட்டில் வண்டியை அணைத்துவிட்டு நிற்கையில்
ஒரு கூட்ஸ் புறப்பட்டது.
இஞ்சின் இழுக்க முதல் பெட்டி டணார்,
அடுத்தது, அதற்கடுத்தது,
அந்த இழுப்பு பெட்டி பெட்டியாய்
கடைசிவரை நடந்து போயிற்று.
இறுக்கி ஒட்டிய ரயிலென்றால் அசைந்திருக்குமா?
பின்னால் ஹாரன். கேட் திறந்து நேரமாயிற்றாம்.

அன்றிரவு துளையை வட்டமாகப் போடவில்லை,
இரண்டு மில்லிமீட்டர் நீட்டினேன்;
எந்த இரண்டு செல்லும் ஒரே தடிமன் கிடையாது.
தகட்டின் நடுவில் சின்னதாய் ஒரு கூன்;
சார்ஜ் ஏறி செல் மூச்சிழுத்தால் இழுக்கட்டும்.
டெர்மினலை எல் போல மடித்தேன்,
மேலிருந்தும் பூட்டலாம், பக்கத்திலிருந்தும்.
உலோகத்தைவிட உயரமாய் ஒரு பிளாஸ்டிக் வரப்பு:
பிளஸ்ஸுக்குச் சதுரம், மைனஸுக்கு வட்டம்.
தகட்டின் ஒரு முனை சதுரம், மறுமுனை வட்டம்.
மாற்றி வைத்தால் உட்காராது. அவ்வளவுதான் சூட்சுமம்.

“பீஸுக்கு எவ்வளவு கூட?”
“மூணு ரூபா நாப்பது காசு.”
முதலாளி கால்குலேட்டரை எடுத்தார். கரண்ட் போயிற்று.
பேட்டரி செய்கிற இடத்தில் கரண்ட் போனால்
யாராவது ஒருவர் சிரித்தே தீர வேண்டும். சிரித்தார்கள்.
இருட்டுக்குள் ஸ்பேனர் மட்டும் ஓயவில்லை.
சதுரம், வட்டம். சதுரம், வட்டம்.
லைட் வந்தபோது தில்ஷாத் நாலு செல் கோத்திருந்தாள்.
மீட்டர் பதின்மூன்று புள்ளி இரண்டு காட்டியது.
இருட்டில் இந்த வேலை செய்வாயா என்று திட்டினேன்.
திட்டிக்கொண்டே மீட்டரை இன்னொரு தடவை பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து இன்னாசி வந்தார்.
“இன்னான்னே தெரிலக்கா. நின்னுடுது. அப்பால தானா ஓடுது.”
எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரி தோண்டிய பள்ளம் ஒவ்வொன்றும்
பெட்டிக்குள் போய்க் கையெழுத்துப் போட்டிருந்தது.
ஒன்பதாவது நட்டு கால் சுற்று தளர்ந்திருந்தது.
உப்பு, ஓரத்தில் பச்சையாய்.
என் படத்தில் உப்பும் இல்லை, பள்ளமும் இல்லை.

முன்பென்றால் வெல்டைப் பிய்த்து, செல்லையும் சேர்த்துப் பிய்த்து,
பேக்கையே தூக்கி எறிந்திருப்போம்.
இப்போது மூடி, வாஷர், பத்தாம் நம்பர் ஸ்பேனர்.
இன்னாசியின் டீ ஆறவில்லை.
தில்ஷாத் பையிலிருந்து நெயில் பாலிஷ் எடுத்தாள்,
நட்டிலிருந்து தகடுவரை சிவப்பாய் ஒரு கோடு இழுத்தாள்.
“கோடு உடைஞ்சா நட்டு நகர்ந்துருச்சுன்னு அர்த்தம்.”

நாலாம் திருத்தத்தில் அந்தக் கோட்டை ஏற்றினேன்.
வெள்ளீயப் பூச்சு, எட்டு மைக்ரான், அதற்குக் கீழே
நிறம்: சிவப்பு.
கோப்பை மூடப் போனேன்.
அவள் ஸ்பேனரை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்,
பிடிவரை வெறும் இரும்பு.