அட்டையின் பின்புறம்

இரண்டு வருடம் அந்தப் போன் என் பையில் தூங்கியது.
நிகழ்ச்சி முடிந்ததும் அறிக்கையில்
‘புகார்: இல்லை’ என்றெழுதி
அடியில் கோடும் போட்டேன்,
முழு மதிப்பெண் வாங்கியவளைப் போல.

உலான்பாத்தரில் பிப்ரவரி.
நூலகத்தின் மூன்று மாடியிலும் மாணவர்கள்.
முப்பத்தாறு மணி நேரத்தில் ஒரு செயலி எழுதி முடிக்க வேண்டும்.
ஜன்னலுக்கு வெளியே நிலக்கரிப் புகை, மைனஸ் இருபத்தொன்பது.
உள்ளே பூஸ் வெந்த ஆவி, உப்புத் தேநீர், காலுறை வாடை.

போன முறை என் எண்
கழுத்தில் தொங்கும் அட்டையின் பின்புறம்,
பணம் தந்த நிறுவனத்தின் சின்னத்துக்குக் கீழே
சாம்பல் நிறத்தில் எறும்பு அளவில் இருந்தது.
இந்த முறை எங்ஜின் அதைக் கொட்டை எழுத்தில் அடித்து
கழிப்பறைக் கதவுகளின் உட்புறமும் ஒட்டிவிட்டாள்.
‘அங்கே யார் பார்க்கப்போகிறார்கள்?’ என்றேன்.
‘தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவள்’ என்றாள்.

விடிகாலை மூன்று நாற்பதுக்கு அழைப்பு.
மறுமுனையில் பேச்சில்லை.
ஓர் இரைச்சல், நடுநடுவே இருமல்.
இரண்டாம் மாடிக் குளிர்பான இயந்திரம்தான் அப்படி இருமும்.
படியேறினேன்.

மிஷேல் என்று வைத்துக்கொள்வோம்.
எர்தெனெட்டிலிருந்து வந்தவள், பதினெட்டு வயது.
இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே
மடிக்கணினியை மார்போடு அணைத்து நின்றாள்.
‘ஒன்றுமில்லை’ என்றுதான் தொடங்கினாள்.
ஒன்றுமில்லை,
வழிகாட்ட வந்தவன் பின்னால் நாற்காலியை ஒட்டிப் போட்டான்.
ஒன்றுமில்லை,
மவுஸ் பிடித்த கைமேல் கை வைத்து ‘இப்படி’ என்று காட்டினான்,
காட்டி முடித்தும் எடுக்கவில்லை.
இடம் மாறினால் அவனும் மாறினான்.
அப்புறம் ஒரு செய்தி:
எங்கள் நிறுவன அறையில் சோபா காலி, வா.

படிவத்தின் முதல் கேள்வி ‘சாட்சி உண்டா?’
அதை நான் கேட்கவில்லை.
தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில்
அவள் சொன்னதை அவள் சொல்லிலேயே எழுதினேன்.
சாட்சியை அவளே திறந்து காட்டினாள்:
ஒன்று பன்னிரண்டு வரை
நாலு நிமிடத்துக்கு ஒரு முறை சேமித்த நிரல்.
அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை.
‘இப்போது உனக்கு என்ன வேண்டும்?’
வெகுநேரம் யோசித்தாள்.
‘என் இடத்தில் போய் உட்கார வேண்டும்.’

சொல்பூ என்னை ஓரமாக அழைத்தான்.
‘மதியம் பரிசளிப்பு. அதுவரை பொறு.
இத்தனை பேர் தின்றதும் அவர்கள் காசு.’
கையில் ஒரு பூஸ் மிச்சமிருந்தது,
கொழுப்பு உறைந்து வெள்ளையாக.
கீழே வைத்தேன்.

அவன் பெயர் படிவத்தில் இருக்கிறது, இங்கே வேண்டாம்.
‘விளையாட்டுக்குத்தானே’ என்றான்.
அட்டையைக் கழற்றித் தரச் சொன்னேன்.
கோட்டுப் பொத்தானைப் போட
அவனுக்கு நிறைய நேரம் பிடித்தது.
டாக்ஸிக்கு நானே சொன்னேன்.
அந்தக் குளிரில் எங்கள் ஊரில்
யாரையும் நடக்கவிட மாட்டோம்.

ஐந்து இருபத்தாறுக்கு அவள் மறுபடி சேமித்தாள்.
ஒரே ஒரு அரைப்புள்ளி.
அவள் குழுவுக்குப் பரிசு கிடைக்கவில்லை.

‘புகார்: ஒன்று.’
‘இரண்டு வருடம் சுத்தமாக இருந்ததே’ என்றார் துறைத்தலைவர்.
பதில் தேடி அல்ல, கையுறை தேடித்தான்
தொலைந்த பொருள் பெட்டியைத் திறந்தேன்.
அடியில், போன வருடத்து சார்ஜர் ஒன்று,
வயரில் ஊதா நூல் சுற்றியது.
யாருடையது என்று எல்லோருக்கும் எழுதிக் கேட்டோம் அப்போது.
பதிலே வரவில்லை.
நடு இரவில், முப்பது மணி நேர வேலையைப் பாதியில் விட்டு,
சார்ஜரைக்கூடப் பிடுங்காமல்
யாரோ இந்தக் கட்டிடத்தை விட்டுப் போயிருக்கிறாள்.
என் எண் அவள் கழுத்தில்தான் தொங்கியது,
எறும்பு அளவில்.

பழைய அறிக்கையை எடுத்தேன்.
‘இல்லை’யை அடித்து ‘தெரியாது’ என்று எழுதினேன்.
சார்ஜர் பெட்டியிலேயே இருக்கிறது.