வாட்டுக்கூடத்தில் ஒரு பல்கலைக்கழகம்

மூடிக் கிடந்த தேயிலை பேக்டரியை
மூன்றே நாளில் பல்கலைக்கழகமாக்கிவிட்டார்கள்.
சுவரெல்லாம் படர்கொடி, பிளாஸ்டிக்.
வாசலில் இரண்டு சிங்கம், தெர்மாகோல்;
கோத்தகிரிக் காற்றுக்கு ஒன்று
முதல் நாளே குப்புற விழுந்தது.
'நிறுவியது 1790' என்று பலகை வைத்தார்கள்.
அம்மா சிரித்தாள்:
"அந்த வருசம் இங்க யானைதானே படிச்சிருக்கும்."

நானூற்றைம்பது ரூபாய், மதியச் சாப்பாடு, இரண்டு டீ.
ஊட்டி அரசுக் கலைக்கல்லூரியிலிருந்து
பதினெட்டுப் பேரைப் பொறுக்கி
வேனில் ஏற்றிவந்தார் ஏஜெண்ட் தேவசகாயம்.
மாணவர்களாகிய நாங்கள்
மாணவர்களாக நடிக்க வேண்டும்.
அது சரியாக வரவில்லை.
"அங்க இப்படியா நடப்பாங்க?" என்றார் உதவி இயக்குநர்.
அங்கே என்பதை அவரும் பார்த்ததில்லை,
மற்ற படங்களில் தவிர.

அங்கே யாருக்கும் கடைசி பஸ் போய்விடுவதில்லை.
யாருக்கும் அரியர் இல்லை.
வெயிலடித்தாலும் கழுத்தில் மப்ளர்,
கையில் ஒரு தடித்த புத்தகம், அதைத் திறப்பதில்லை.
புல்லில் படுத்துக்கொண்டு தத்துவம் பேசுவார்கள்.
எங்கள் ஊர்ப் புல்லில் படுத்தால்
அட்டை ஏறும்.

என் பெயர் தவச்செல்வி.
அன்று முழுக்க 'தூண் பொண்ணு'.
வெளிச்சம் சரியில்லை என்று சொல்லி
என்னைத் தூணுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள்.
அதே நேரம் கேரவனுக்குள்
ஏழைக் கதாநாயகனுக்கு
என் நிறத்தைப் பூசிக்கொண்டிருந்தார்கள்,
இரண்டு கோட்.

நூலகம் மேல்மாடியில்.
கொழுந்து வாட்டும் தொட்டிகள் மேல்
பலகை போட்டு மேசை.
அலமாரி நிறையப் புத்தக முதுகுகள், முதுகு மட்டும்.
பின்னால் போய்ப் பார்த்தேன்:
சட்டம், ஆணி,
யாரோ வைத்துவிட்டுப் போன டீக் கிளாஸ்.
இந்தத் தொட்டியில்தான் அம்மா
பதினாறு வருடம் இலை புரட்டினாள்.
இந்த ஜன்னலோரம்தான் எல்லோரும் கூடி நின்று
கிராஜுவிட்டிக் கணக்குக் கேட்டார்கள்.
கணக்கு இன்னும் வரவில்லை.

நாயகன் எழுந்தான்.
காலரில் கிழிசல் அளவாக இருந்தது.
டீனைப் பார்த்து
(கூடலூர்ப் பக்கம் காளான் வளர்க்கும் டச்சுக்காரர்)
"அறிவுக்கு வாட்ச்மேன் கிடையாது சார்!" என்றான்.
டீன் கண்கலங்க வேண்டும்.
நாங்கள் எழுந்து கைதட்ட வேண்டும்.
ஒன்பது டேக்.
டீன் கலங்குவதாக இல்லை, வெங்காயம் வந்தது.
ஒன்பது முறையும் தட்டினேன்.
நாலாவது முறை நிஜமாகவே
எனக்குத் தொண்டை அடைத்தது,
அதை யாரிடம் போய்ச் சொல்ல.

நடுவில் மஞ்சு இறங்கி
சிங்கம், கொடி, டீன் எதையும் காணோம்.
ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள்.
விலகியதும் புகை மெஷினை ஓட்டி
வேறொரு பனியைப் போட்டார்கள்,
சொன்னபடி கேட்கும் பனி.

ஆலராஜ் மடிக்குள் வைத்து
மறுநாள் புள்ளியியல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான்.
ஆர்ட் டைரக்டர் பிடித்துவிட்டார்.
அட்டையில் சேரிங்கிராஸ் ஜெராக்ஸ் கடையின் பெயர்.
திட்டவில்லை. சிவப்பு ரெக்சின் சுற்றிக் கொடுத்தார்.
அவன் அந்தப் பேப்பரில் பாஸ்,
ரெக்சினை இன்னும் கழற்றவில்லை.

எட்டு மாதம் கழித்துப் படம் வந்தது.
போனில் பார்த்தோம், நானும் அம்மாவும்.
கைதட்டும் இடத்தில் நிறுத்திக் காட்டினேன்:
தூணுக்கு இந்தப் பக்கம் என் முழங்கை.
அவள் முழங்கையைப் பார்க்கவில்லை.
இரண்டு விரலால் திரையை விரித்து
டீன் தலைக்கு மேலே எதையோ பார்த்தாள்.
"அந்த ஃபேன் ஓடுது பாரு.
நாங்க இருந்தப்ப ஒருநாள் ஓடல.
யாரு சரி பண்ணினது?"

எனக்குத் தெரியவில்லை.
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.
பிறகு, "சரி ஓட்டு," என்றாள்,
"அந்தப் பையனுக்கு சீட் கிடைச்சுதா இல்லையா
பாப்போம்."