இன்னும் காயவில்லை

பலெர்மோவில் சலவைக்கடையில் நிற்கிற மச்சான்
சாந்தரூபன் அனுப்பிய ஜேர்சி.
எட்டாம் இலக்கம். மேலே வெந்துரெல்லி.
கழுவத் தந்தவன் எடுக்க வரவேயில்லையாம்.

யாரடா அவன்?
"நடுக்களம். பதினாலு வருசம், ஒன்பது கழகம்.
மூன்று கோல், அதில் ஒன்று சொந்தக் கோல்.
ரீவியில் பார்த்தாலும் காணமாட்டாய்,
பந்தை வாங்கிப் பக்கத்தில் கொடுப்பான்,
கமெரா பந்தோடு போய்விடும்.
இரண்டுதரம் இரவல் கொடுத்தார்கள்.
ஒருதரம் திருப்பிக் கேட்க மறந்துபோனார்கள்."

ஒன்பதா?
அக்கராயன், தருமபுரம், விசுவமடு,
சுதந்திரபுரம், இரணைப்பாலை...
விரல் மடித்துப் பார்த்தேன்.
இடம்மாறினதில் நான்தான் முன்னுக்கு.

நேற்று ஒட்டுசுட்டானில் அரையிறுதி.
மழை விட்ட மைதானம்,
கோல் கம்பத்தடியில் இரண்டு மாடு.
எழுபதாவது நிமிடம் வழுக்கி
ஒருவனின் காலை வாரிவிட்டேன்.
மஞ்சள் அட்டை.
நடுவர் கொப்பியைத் திறந்து
என் முதுகை எழுத்துக்கூட்டினார்:
வி, ஈ, என், ரி...
"இதென்ன பேர் தம்பி?"
"அதுதான் சேர், எழுதுங்கோ."

பத்தாவது கழகம் அவனுக்கு.
சம்பளம் இல்லை,
இடைவேளைக்குத் தோடம்பழம் உண்டு.

மச்சான்,
அவன் என்றைக்காவது கடைக்கு வந்து கேட்டால்
சட்டை இன்னும் காயவில்லை
என்று சொல்.