மாடிப் போர்ஷன்

யாரிடம் சில்லறை இருக்கும்,
யார் தூங்குவதுபோல் நடிப்பார்,
யார் பதினோராவது வளைவில் வாந்தி எடுப்பார் என்று
முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
இருபத்தாறு வருஷம் ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டர்.
அந்தத் திமிரில்தான்
கன்னங்குறிச்சி வீட்டு மாடிக்கு
சுண்ணாம்பு காய்வதற்குள்
'வாடகைக்கு' அட்டை தொங்கவிட்டேன்.

முதலில் வந்தது ஒரு வெள்ளைச் சட்டை.
தயாபரன், டைல்ஸ் கடை மேனேஜர்.
பழைய வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.
"தங்கமான மனுஷன்,
கண்ண மூடிக்கிட்டுக் குடுங்க."
ஒரு கேள்விக்கு மூன்று பதில் சொன்னார்.
தலைவலியைக் கைமாற்றுகிறவரின் அவசரம் அது.
எனக்கு உறைக்கவில்லை.
கண்ணை மூடிக்கொண்டேதான் கொடுத்தேன்.

கடன் தவணை ஐந்தாம் தேதி.
வாடகை பத்தாம் தேதி என்று பேச்சு.
நடுவில் கிடந்த ஐந்து நாளை
மரகதத்தின் கம்மல் தாண்டவைத்தது.
அடுத்த மாதம், பத்து பதினெட்டாயிற்று.
அப்புறம் "லோடு வரல சார்."
அப்புறம் மாடியில் விளக்கு எரிந்தது,
கதவு திறக்கவில்லை.

மூன்று மாதப் பாக்கியோடு ஒரு காலையில்
பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.
"எட்டு எட்டா இருபத்தி நாலு கழிச்சுக்குங்க.
மீதி இருபத்தாறு குடுங்க, கிளம்பறேன்."
கணக்கு சரி.
பணம்தான் இல்லை.
அவர் கொடுத்த ஐம்பதாயிரம்
மோட்டார் காயிலாக, சிமெண்டுத் தொட்டியாக,
அரை வருஷ வீட்டு வரியாக மாறியிருந்தது.
அன்றைக்கு ஏமாற்றுக்காரன் யாரென்று
தெருவே குழம்பியது.

தோல்பையில் நாள் முழுக்கப் பணம் சுமந்தவன் நான்.
அதிலிருந்து ஒரு டீ குடித்ததில்லை.
டிப்போவில் எண்ணிக் கட்டும்வரை
அது என் இடுப்பில் தொங்கும் அடுத்தவர் காசு.
அட்வான்ஸும் அதே பைதான் என்று
வீட்டுக்காரனான மயக்கத்தில் மறந்துபோனேன்.
சொசைட்டியில் கடன் வாங்கி
எண்ணிக் கட்டினேன்.

பிறகு இரண்டு மாதம் மாடி பூட்டிக் கிடந்தது.
ஆளில்லாத வீட்டுக்கென்று
பாங்கில் தனித் தவணை கிடையாது.

அமலோற்பவம் வந்தார், பையனோடு.
ஆஸ்பத்திரி லேபில் இரண்டாம் ஷிப்ட்.
ஜாகீர் அம்மாபாளையத்து வீட்டுக்காரரைக் கேட்டேன்.
பொரிந்து தள்ளினார்:
"பதினோரு மணிக்கு மேல துணி தொவைக்குதுங்க.
குழாய் சொட்டுனா நாளுக்கு மூணு போன்.
ரசீது, ரசீதுன்னு உசுர எடுக்கும்."
"வாடகை?"
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அது... அது வந்துரும்."
நான் கேட்டதிலேயே நல்ல சர்டிபிகேட் அதுதான்.

ஆதார், வேலைச் சீட்டு, எத்தனை பேர் என்று
ஒரு நோட்டு நிறையக் கேள்வி வைத்திருந்தேன்.
அவர் முந்திக்கொண்டார்.
எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தார்.
ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்த்தார்.
"முன்னாடி இருந்தவங்க எதுக்குங்க போனாங்க?"
பதிலை என் முகத்தில் தேடினார்,
நான் டிக்கெட் வாங்காதவரைப் பார்ப்பதுபோல.
"காலி பண்ற அன்னிக்கே அட்வான்ஸ் கைக்கு வருமா?"

பாஸ்புக்கை எடுத்துக் காட்டினேன்.
அட்வான்ஸ் போடுவதற்கென்றே திறந்த கணக்கு,
ஐந்நூறு ரூபாயோடு.
முதல் பக்கத்தைப் படித்துவிட்டு
அடுத்த பக்கத்தையும் புரட்டினார்.

"வாடகை அஞ்சுக்குள்ள..."
"சம்பளம் ஏழு. ஏழாந்தேதி சாயங்காலம் தருவேன்.
முன்னால கேக்காதீங்க."
அந்த இரண்டு நாளைக்கு
என் பேட்டாவிலிருந்து எடுத்துவைக்க
ஒரு பிஸ்கட் டின் ஒதுக்கினேன்.

ராத்திரி மேலே
துணி அடிக்கும் சத்தம். பதினொன்றேகால்.
நன்றாகத் தூக்கம் வந்தது எனக்கு.
மரகதம் கண்ணைத் திறக்காமல் கேட்டாள்:
"தண்ணி மோட்டாரு கரண்டு பில்லு
யாரு கணக்கு?"

அதைக் கேட்க மறந்திருந்தேன்.